என்னைய அடிண்ணே!

"என்னைய அடிண்ணே! அதை விட்டுட்டு என்னைய அடி, சீக்கிரம்!"

இரண்டாம் கட்டிலிருந்து பேரன் போடுகிற இந்தச் சத்தம்தான் பெரியவரைக் குழப்பியிருக்கிறது. வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கோட்டையூரில் பாட்டனார் கட்டிய வீட்டில் இருக்கிறார். சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்தால் டீயோடு ஒரு சந்தேகமும் வரும். இந்த முறை வந்தது இது: "தம்பி, சிங்கப்பூர்ல இருக்கிற பெரியப்பன் மகன்கிட்ட இவன் 'அடி, அடி'ங்கிறான். அவன் அடிச்சதும் 'தேங்க்ஸ்ணே'ங்கிறான். அடி வாங்கிட்டு நன்றி சொல்ற விளையாட்டு என்ன விளையாட்டு?"

கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும்.

பேரன் ஆடுவது ‘எல்டன் ரிங்: நைட்ரெய்ன்’. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் செய்தது; 2025 மே 30 அன்று வெளிவந்தது. இயக்கியவர் ஜூன்யா இஷிசாகி. டிவியில் மாட்டுகிற பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளிலும் கம்ப்யூட்டரிலும் ஓடும். பாழடைந்த கோட்டைகளும் டிராகன்களும் நிறைந்த லிம்வெல்ட் என்றொரு கற்பனை நிலம். அதில் மூன்று பேர் குதிக்கிறார்கள். விளையாட்டுக் கணக்கில் மூன்று நாள்; நம் கடிகாரத்தில் முக்கால் மணி நேரம் போல. முதல் இரண்டு நாளும் ஓடி ஓடி ஆயுதம் சேர்க்க வேண்டும். நேரம் ஆக ஆக நாலா பக்கமிருந்தும் நீல மழை நெருக்கிக்கொண்டு வரும். அதற்குள் மாட்டினால் உயிர் கரையும். பொழுது சாய்ந்ததும் ஒரு பெரிய பூதம். அப்படி இரண்டு இரவு தாண்டினால் மூன்றாம் நாள் இரவரசன் என்கிற கடைசி எதிரி.

இதில் ஒருவன் அடிபட்டு விழுந்தால் உடனே சாவதில்லை. தரையில் தவழ்ந்துகொண்டிருப்பான். தலைக்கு மேல் ஒரு வட்டம் தெரியும். மற்ற இருவரில் யாராவது வந்து அந்த வட்டம் தீரும்வரை விழுந்தவனைத் தன் கத்தியாலேயே வெட்ட வேண்டும். அப்போதுதான் எழுவான். முதல் முறை விழுந்தால் வட்டத்தில் ஒரு கட்டம். சில வெட்டு போதும். திரும்ப விழுந்தால் இரண்டு, மறுபடியும் விழுந்தால் மூன்று. பேரன் கேட்டது அந்த அடியைத்தான்.

"அடிச்சா எழுந்திருப்பானா? இது என்னய்யா வைத்தியம்?" என்று சிரித்தார்.

சிரிக்கிற மாதிரி இருந்தாலும் இதற்குப் பின்னால் யோசனை இருக்கிறது. கூட்டாக ஆடுகிற வேறு பல விளையாட்டுகளில் விழுந்தவன் பக்கத்தில் போய் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றால் எழுந்துவிடுவான். இங்கே அப்படியில்லை. பூதத்தின் மேல் இறங்க வேண்டிய வெட்டை எடுத்துத் தோழன் மேல் செலவழிக்க வேண்டும். பூதத்துக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம், இன்னும் நாலு வெட்டில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் பின்னால் ஒருவன் தவழ்கிறான். அதை முடிப்பதா, இவனைத் தூக்குவதா? இரவுச் சண்டையில் மூவரும் ஒரே சமயத்தில் விழுந்தால் அதுவரை ஓடியது அத்தனையும் வீண். பேரன் ‘அதை விட்டுட்டு’ என்றானே, அந்தச் சொல்லில்தான் விளையாட்டு இருக்கிறது. சிங்கப்பூர்க்காரன் பூதத்தை விட்டுவிட்டுத் திரும்பினான் பாருங்கள், நன்றி அதற்கு.

யார் எதைச் செய்வது என்பதிலும் பங்கீடு உண்டு. விளையாட்டு வெளிவந்தபோது எட்டுப் பாத்திரங்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். கார்டியன் என்பவன் பறவை முகமும் பெரிய கேடயமும் கொண்டவன். அடியைத் தாங்குவது அவன் வேலை. அயர்ன்ஐ வில்லாளி, விழுந்தவனைத் தூரத்திலிருந்தே அம்பெய்து எழுப்ப முடியும் என்பதால் எந்தக் குழுவிலும் அவனுக்கு மதிப்பு அதிகம். ரெக்லூஸ் மந்திரக்காரி. வைல்டர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவன். புதிதாக ஆடுகிறவர்கள் அவனைத்தான் எடுப்பார்கள். பேரன் எப்போதும் வில்லாளியாம். "பயந்தாங்கொள்ளி" என்றார் தாத்தா. நான் அப்படி நினைக்கவில்லை. தூரத்தில் நிற்கிறவனுக்குத்தான் மூவரும் எங்கே இருக்கிறார்கள் என்பது முழுதாகத் தெரியும்.

அடுத்து அவர் கேட்டது எண்களைப் பற்றி. திரையில் எப்போதும் எண்கள் ஓடுகின்றன; அது என்ன? இந்த வீட்டில் இதைச் சொல்வது சுலபம். அவருடைய தகப்பனார் பினாங்குக் கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். கணக்குப் பழகி, ஆட்களைத் தெரிந்துகொண்டு அடுத்தாள் ஆனார், பிறகு மேலாள். படி ஏற ஏறக் கையில் புழங்கும் தொகையும் எடுக்கும் முடிவும் பெரிதாகின்றன. இந்த வகை விளையாட்டின் அடிப்படையே இந்தப் படியேற்றம்தான். இங்கே அதற்கு லெவல் என்று பெயர். எதிரியை வீழ்த்தினால் ரூன் என்றொரு காசு சேரும். அதைக் கொடுத்து லெவல் ஏறலாம், கடையில் சரக்கும் வாங்கலாம். உயிரும் பலமும் அதற்கேற்பக் கூடும். ஒரே ஒரு கொடுமை. உயிர் போய்விட்டால் ஒரு லெவல் குறையும். கையிலிருந்த ரூன் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கலாம். எடுப்பதற்குள் இன்னொரு முறை செத்தால் கிடந்ததும் போச்சு.

"அசலும் போச்சா?"

அசலும் போச்சு. நைட்ரெய்னில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பயணத்திலும் முதல் லெவலில் தொடங்கி, அதிகபட்சம் 15 வரை ஏறலாம். பயணம் முடிந்ததும் திரும்பவும் ஒன்று. ரெலிக் எனப்படும் சில கற்கள் மட்டும் கையில் தங்கும்; அடுத்த பயணத்துக்குச் சிறு அனுகூலம்.

இந்தக் கணக்கு முறை டிவி விளையாட்டில் பிறந்ததில்லை. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். காகிதம், பென்சில், பகடை, சுற்றி உட்கார நாலைந்து பேர். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி என்று வேடம் பிரித்துக்கொண்டு, வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை போட்டு முடிவு செய்வார்கள். வேடமேற்று ஆடுவது என்ற வகை முழுவதும் அந்த வழியில் வந்தது. டிவியில் வந்த பிறகு பகடையின் வேலையில் பாதியை விரல் வாங்கிக்கொண்டது. வெட்டு விழுமா என்பது நீங்கள் பொத்தானை எந்த நொடியில் அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விழுந்தால் எவ்வளவு காயம் என்பதை எண்கள் சொல்லும். அந்த வகையின் பெயருக்கு முன்னால் ஆக்‌ஷன் என்ற சொல் ஒட்டிக்கொண்டது இதனால்தான். லெவல் உயர்ந்தவன் விரல் தடுமாறினால் தோற்பான். விரல் தேர்ந்தவன் லெவல் ஒன்றிலேயே பூதத்தை முடிப்பதும் உண்டு. விளையாட்டுக்காரர்கள் இதை வைத்து விடிய விடியச் சண்டை போடுவார்கள்.

கூட்டாக ஆடுவதும் பழையதுதான். 1985-இல் அட்டாரி கொண்டுவந்த ‘கான்ட்லெட்’ காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி. நான்கு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று ஆடுவார்கள். நம் பக்கம் தொண்ணூறுகளில் டிவி கேம் பெட்டியில் ‘கான்ட்ரா’ ஆடியவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். வீட்டு டிவியிலிருந்தே வேறொரு நாட்டுக்காரனோடு சேர்ந்து பூதம் அடிக்கலாம் என்று காட்டியது 2000 டிசம்பரில் செகா நிறுவனம் ட்ரீம்காஸ்ட் பெட்டிக்குக் கொண்டுவந்த ‘ஃபேன்டஸி ஸ்டார் ஆன்லைன்’. தொலைபேசிக் கம்பியில் மோடம் வழியாக நான்கு பேர். பாஷை தெரியாதவர்கள் பேசுவதற்கு அதில் ஒரு ஏற்பாடு: தயாராக இருக்கும் வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தால் அது மற்றவனுக்கு அவன் மொழியில் போய்ச் சேரும். ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் என ஐந்து மொழிகள். 2004-இல் கேப்காம் ‘மான்ஸ்டர் ஹன்டர்’ கொண்டுவந்தது. அதுவும் நாலு பேர் வேட்டை.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. கோட்டையூரில் ஒருவன், சிங்கப்பூரில் ஒருவன், மூன்றாவதாக எந்த ஊர் என்றே தெரியாத ஒருவன். மூவரும் ஒரே பூதத்தை ஒரே நொடியில் வெட்டுகிறார்கள். எப்படி?

உண்மையில் ஒரே நொடியில் இல்லை. தகப்பனார் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர் போய்ச் சேர நாள்கணக்கில் ஆகும். பேரன் பொத்தானை அழுத்தும் செய்தி சென்னை போய்க் கடலுக்குள் இறங்குகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் ஐ2ஐ என்றொரு கண்ணாடி இழைக் கம்பி 2002 முதல் இருக்கிறது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதற்குப் பிறகு வேறு கம்பிகளும் போட்டார்கள். எதன் வழியே போகும் என்பது இணைய நிறுவனத்தைப் பொறுத்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து சென்னை 400 கிலோமீட்டர் என்று சேர்த்துக்கொண்டால் மொத்தம் 3,600. போக 18 மில்லிவிநாடி, வர 18. வழியில் இருக்கும் கருவிகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கூடுதல்தான்.

மில்லிவிநாடி என்றால் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும், அதில் என்ன குறை என்று தோன்றும். ஆனால் திரையில் படம் நொடிக்கு 60 முறை மாறுகிறது. ஒரு படத்துக்கு 17 மில்லிவிநாடிகூட இல்லை. பூதம் வாலைச் சுழற்றும்போது சரியான நொடியில் உருண்டால் அடி மேலே படாது. தவறினால் பாதி உயிர் போகும். அங்கே இரண்டு மூன்று படம் பிந்தினால்கூட வித்தியாசம் தெரியும்.

அதனால் பெட்டிகள் ஒரு தந்திரம் செய்கின்றன. பேரனின் பெட்டி பேரனுடைய ஆளை உடனுக்குடன் அசைக்கும், யாருக்காகவும் காத்திருக்காது. சிங்கப்பூர்க்காரனைப் பற்றிக் கடைசியாக வந்த செய்தி ‘இந்தப் பக்கம் ஓடுகிறான்’ என்றால், அடுத்த செய்தி வரும்வரை அவன் அந்தப் பக்கமே ஓடுவதாக ஊகித்துப் படம் காட்டும். ஊகம் சரியென்றால் யாருக்கும் தெரியாது. தப்பென்றால் ஆள் சட்டென்று நாலடி தள்ளித் தோன்றுவான். "லேக் அடிக்குது" என்று பையன்கள் சலித்துக்கொள்வது இதற்குத்தான். ஆக மூன்று டிவியிலும் ஓடுவது ஒரே சண்டை இல்லை. மயிரிழை வித்தியாசத்தில் மூன்று சண்டைகள். ஒவ்வொரு பெட்டியும் மற்ற இரண்டோடு ஓயாமல் கணக்கு நேர்செய்துகொண்டே இருக்கிறது. வங்கிக்காரருக்கு இது உடனே பிடிபட்டது. "ரெண்டு கிளைக்கும் தினம் டாலி ஆகணும்கிற மாதிரி" என்றார்.

சரி, சிங்கப்பூர்வரை நன்றாகப் போகிற செய்தி இந்த வீட்டுக்குள்ளேயே தடுமாறுவதுதான் வேடிக்கை. மோடம் முகப்பில். டிவி இரண்டாம் கட்டில். நடுவே திறந்த வளவு, இரண்டு பக்கமும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடிச் சுவர்கள். வைஃபை அலையில் இரண்டு வகை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் தடித்த சுவர் என்றால் தொலைந்தது. 2.4 கொஞ்சம் நின்று ஊடுருவும்; வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீட்டு அலைகளின் இடைஞ்சலும் சேரும். கடல் தாண்டப் பிடிக்கிற நேரத்தைவிட வளவு தாண்டுவது சில நேரம் பெரிய வேலையாகிவிடும். அதைவிட மோசம், ஒரு நொடி நன்றாக இருந்து மறு நொடி இழுப்பது. ஒரே சீராகப் பிந்தினால் விரல் பழகிக்கொள்ளும், ஏற்ற இறக்கத்துக்குப் பழகவே முடியாது. வைத்தியம் சாதாரணம். லேன் கேபிள் ஒன்று வாங்கி, தூண்களின் அடியோரமாகக் கொண்டுபோய்ப் பெட்டியின் பின்னால் செருகிவிட வேண்டும். தேக்குக் கதவில் மட்டும் ஆணி அடிக்க வேண்டாம், நிலையின் அடியில் சந்து இருக்கும்.

"சாப்பிடக் கூப்பிட்டா வர மாட்டேங்கிறானே" என்றார் உள்ளேயிருந்து ஆச்சி. அதற்கும் காரணம் இதில்தான். தனியாக ஆடும் விளையாட்டை நிறுத்தி வைக்கலாம். மூன்று பேர் இணையத்தில் ஆடும்போது நிறுத்தி வைக்கும் பொத்தான் வேலைக்காகாது. இவன் எழுந்தால் மற்ற இருவரும் தவிப்பார்கள். "எந்திரிச்சு வா" என்பதைவிட "எத்தனாவது நாள்?" என்று கேட்டுப் பாருங்கள் ஆச்சி. மூன்றாம் நாள் என்றால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், இட்லியை ஊற்றலாம். முதல் நாள் என்றால் சந்தேகமே இல்லாமல் திட்டலாம், சாப்பாட்டு நேரம் தெரிந்தே தொடங்கியிருக்கிறான்.

முகம் தெரியாத அந்த மூன்றாமவனைப் பற்றி. நைட்ரெய்னுக்குள் பேசும் வசதி கிடையாது. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வது பிளேஸ்டேஷனின் தனி வசதியில். மூன்றாமவனிடம் சொல்ல வேண்டியதை வரைபடத்தில் ஒரு புள்ளி குத்தித்தான் சொல்ல வேண்டும்: இங்கே வா, அங்கே போகலாம். இருவர் மட்டும் ஆடும் வழி 2025 ஜூலை இறுதியில் வந்தது. வந்த பிறகும் இவர்கள் மூன்றாமவனைச் சேர்த்துக்கொண்டே ஆடுகிறார்களாம்.

இந்தப் பேசாத உதவிக்கு ஒரு பின்கதை உண்டு. இதே நிறுவனத்தின் ஹிடெடாகா மியாசாகி 2009-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு ‘டீமன்ஸ் சோல்ஸ்’ செய்தார். அதில் முன்பின் தெரியாதவர்கள் தரையில் குறிப்பு எழுதிவிட்டுப் போவார்கள்: ‘முன்னால் பள்ளம்’. சிலர் ஆவியுருவில் வந்து ஒரு சண்டைக்கு மட்டும் உதவிவிட்டு மறைவார்கள். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று மியாசாகி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பனி கொட்டிய ஒரு மலைச்சாலை. மேடேற முடியாமல் கார்கள் சறுக்கி நிற்கின்றன. பின்னால் இருந்த கார் முன்னால் இருந்ததை முட்டித் தள்ள, ஒவ்வொன்றாக மேடு ஏறின. ஏறியவர் நின்று நன்றி சொல்ல முடியாது, நின்றால் மறுபடி சறுக்கும். வரிசையில் கடைசியாக இருந்த கார் என்ன ஆனதோ என்று பிறகும் யோசித்தாராம்.

ஆடுகிறவர்களை இணைத்த அந்த விளையாட்டின் சர்வர்களை 2018 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். வட்டு இன்றும் ஓடும், தனியாக ஆடலாம். தரையில் எழுதியிருந்த குறிப்புகள் ஒன்றுகூட இல்லை. இதைச் சொன்னபோது பெரியவர் முகம் சுருங்கியது. அவருடைய ஊர்க்காரர்தான் ரோஜா முத்தையா. பிறர் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்ட நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் கோட்டையூரில் சேர்த்து வைத்தவர். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியதில்தான் சென்னையில் 1994-இல் அவர் பேரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அவரைப் போல ஒருவர் வந்து விளையாட்டு வட்டுகளைச் சேர்த்தாலும், சர்வரில் ஆயிரம் பேர் சேர்ந்து ஆடிய ஆட்டத்தை எந்த அலமாரியில் அடுக்குவது?

"நம்ம ஊர்க் கதை ஒண்ணும் இதுல இல்லையா?" என்றார். கொஞ்சம் இருக்கிறது, ஆனால் தனியாக ஆடுவதாக. ஐதராபாத்தின் ஆரோனா நிறுவனம் 2009-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு ‘ஹனுமான்: பாய் வாரியர்’ செய்தது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் 2020-இல் ‘ராஜி’ கொண்டுவந்தது. கழைக்கூத்தாடிப் பெண் ஒருத்தி அசுரர்களோடு மோதும் கதை, பார்க்க அவ்வளவு அழகு. டொராண்டோவில் விசாய் கேம்ஸ் 2023-இல் ‘வெண்பா’ வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன தமிழம்மா, அவள் மகன், தாயின் சமையல் குறிப்பு. பூதமும் இல்லை, கத்தியும் இல்லை. அதற்கு 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது. கூட்டு விளையாட்டை இந்த அளவுக் குழுக்கள் தொடாததற்குக் காரணம் கற்பனைப் பஞ்சம் இல்லை. சர்வரை வருஷக்கணக்கில் ஓடவிடப் பணம் வேண்டும். எந்த நேரத்தில் நுழைந்தாலும் கூட ஆட இரண்டு பேர் காத்திருக்கும் அளவுக்குக் கூட்டமும் வேண்டும். அய்யனார் கோயில் மண்குதிரைகளுக்கு நடுவே மூன்று பேர் பேயோட்டுகிற விளையாட்டு ஒன்று வந்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

விலையையும் கேட்டார், கேட்காமல் இருப்பாரா. பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது 49,990 ரூபாய். விளையாட்டுக்குத் தனி விலை. இணையத்தில் சேர்ந்து ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா தனி. மூன்றாவதுதான் வீட்டுக்காரர்கள் கணக்கில் விடுபடுவது. காலம் முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"நானும் அவனும் ஒரே டிவியில சேர்ந்து ஆட முடியுமா?"

நைட்ரெய்னில் முடியாது, ஒரு பெட்டிக்கு ஒருவர்தான். 2023-இல் வந்த ‘டியாப்லோ 4’ என்றால் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளில் ஒரே டிவி முன் இருவர் உட்கார்ந்து ஆடலாம். படம் மேலிருந்து பார்ப்பது போல இருக்கும், கண் சுற்றாது. அதில் நெக்ரோமான்ஸர் என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா; எலும்புக்கூட்டுப் படை ஒன்றை எழுப்பிவிட்டால் பாதிச் சண்டையை அவையே பார்த்துக்கொள்ளும், நீங்கள் பின்னால் நின்று டீ குடிக்கலாம். இரண்டாவது கன்ட்ரோலர் வாங்க வேண்டும். உங்கள் பேரில் தனிக் கணக்கும் தொடங்க வேண்டும். அதைப் பேரனைச் செய்து தரச் சொல்லுங்கள், பாஸ்வேர்டை மட்டும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.